வல்லெட்டாவில் அரை நாள்: கப்பலை விட்டு இறங்குவது முதல் திரும்பி ஏறுவது வரை

மத்தியதரைக் கடல் கப்பல் பயணங்களில் மால்டாவின் தலைநகரான வல்லெட்டாவுக்குப் பெரும்பாலும் அரை நாள்தான் கிடைக்கும். காலை 8 மணிக்குக் கப்பல் கட்டி, பிற்பகல் 2 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி ஏறும் நேரம் பெரும்பாலும் 1.30. இறங்கும் வரிசையையும் திரும்பும்போது நடக்கும் சோதனையையும் கழித்தால், கையில் நிற்பது நாலே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு.

ஊர் சின்னது. நீளவாக்கில் சுமார் ஒரு கிலோமீட்டர், குறுக்கே 600 மீட்டர். இதைப் பார்த்துவிட்டு "எல்லாவற்றையும் முடித்துவிடலாம்" என்று கிளம்புகிறவர்களே அதிகம் தடுமாறுகிறார்கள். இங்கே சிக்கல் தூரத்தில் இல்லை. ஊர் ஒரு பாறை முதுகின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கப்பலோ அதன் காலடியில் நிற்கிறது. எந்த இடத்துக்கு முதலில் போவது என்பதை இந்த ஏற்ற இறக்கமும் வரிசை நீளும் நேரமும்தான் முடிவு செய்கின்றன.

1. விசா: கப்பல் டிக்கெட் வாங்கும் முன்பே

மால்டா ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில் ஒன்று. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட்டுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு விசா வேண்டியதில்லை.

பலர் கோட்டை விடுவது விசாவில் அச்சடித்திருக்கும் நுழைவு எண்ணிக்கையில். பார்சிலோனாவில் ஏறி, துனிசியா அல்லது துருக்கியில் ஒரு நாள் நின்று, பிறகு மால்டா வரும் கப்பல் என்றால், நடுவில் நீங்கள் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியே போய்த் திரும்புகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா அங்கேயே தீர்ந்துவிடும். அதனால் விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்பது அதிகாரிக்குப் புரிய, கப்பலின் துறைமுகப் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள்.

மால்டாவில் இறங்கப்போவதில்லை, கப்பலிலேயே இருப்பேன் என்றாலும் விசா இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆவணச் சோதனை முதல் துறைமுகத்திலேயே முடிந்துவிடும்.

2. எந்தக் கிழமை, என்ன தேதி

கப்பல் எந்த நாளில் நிற்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் திட்டம் போட வேண்டும். வல்லெட்டாவில் பார்க்க வேண்டிய முதல் இடம் புனித யோவான் இணைப்பேராலயம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாட்களிலும் அங்கே வழிபாடு மட்டுமே உண்டு, சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை.

மால்டாவின் பொது விடுமுறைகள் நமக்குப் பழக்கமில்லாதவை. பிப்ரவரி 10, மார்ச் 19, மார்ச் 31, மே 1, ஜூன் 7, ஜூன் 29, ஆகஸ்ட் 15, செப்டம்பர் 8, செப்டம்பர் 21, டிசம்பர் 8, டிசம்பர் 13 ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடைப் பயணத்தில் ஜூன் 29ம் ஆகஸ்ட் 15ம் அடிக்கடி மாட்டும்.

கிழமை ஞாயிறாக இருந்தால் பேராலயத்தை விட்டுவிட்டு, அன்று திறந்திருக்கும் தொல்லியல் அருங்காட்சியகம், பெருந்தலைவர் அரண்மனை (மால்டாவை ஆண்ட புனித யோவான் வீரர் சபைத் தலைவர்களின் மாளிகை), புனித எல்மோ கோட்டை ஆகியவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிறு காலையில் மார்சஷ்லொக் என்ற மீனவ ஊரில் பெரிய சந்தை கூடும். படகு முகப்புகளில் கண் வரைந்திருக்கும் வண்ணப் படகுகளையும் அங்கே பார்க்கலாம். டாக்சியில் போய்வர நேரம் சரியாக இருக்கும், ஆனால் அன்று வல்லெட்டாவுக்கு அதிகம் மிஞ்சாது.

அதே நாளில் வேறு எத்தனை கப்பல்கள் நிற்கின்றன என்பதையும் பாருங்கள். துறைமுகத்தின் இணையதளத்தில் கப்பல் வருகைப் பட்டியல் இருக்கும். இரண்டு பெரிய கப்பல்கள் சேர்ந்து வந்தால், கரையிலிருந்து ஊருக்கு ஏற்றிவிடும் லிஃப்டிலும் பேராலய வாசலிலும் வரிசை இரட்டிப்பாகும். அன்று அரை மணி நேரம் முன்னதாக இறங்குவது மட்டுமே வழி.

3. எதை விட்டுவிடுவது

அரை நாள் திட்டத்தில் சேர்ப்பதைவிடக் கழிப்பதுதான் கடினமான வேலை.

இம்டினா என்ற பழைய தலைநகர் சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வரைபடத்தில் பக்கம்தான். ஆனால் மால்டாவின் சாலை நெரிசலில் பேருந்தில் போக மட்டும் முக்கால் மணி நேரம் ஆகலாம், திரும்பும்போது நிறுத்தத்தில் நிற்காமலே நிரம்பிய பேருந்து கடந்து போகலாம். இம்டினா வேண்டுமென்றால் வல்லெட்டாவை விடுங்கள். இரண்டையும் ஒரே அரை நாளில் அடைத்தால், இரண்டிலும் வாசலைத்தான் பார்த்திருப்பீர்கள்.

நீலக் குகை, கோசோ தீவு, கொமினோ தீவின் நீல நீர்நிலை ஆகிய மூன்றும் அரை நாளுக்கானவை அல்ல. ஏறி இறங்கும் சுற்றுலாப் பேருந்தையும் தவிர்க்கலாம். தீவு முழுக்கச் சுற்றும் அதன் வழித்தடத்தில் உங்கள் பொழுது ஜன்னலோரத்திலேயே கழியும்.

பவோலா ஊரில் இருக்கும் ஹால் சஃப்லியெனி நிலத்தடிக் கல்லறை மட்டும் விதிவிலக்கு. ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பேரை மட்டுமே உள்ளே விடுகிறார்கள், டிக்கெட்டுகள் பல வாரங்கள் முன்பே தீர்ந்துவிடும். கிடைத்தால் அதை மையமாக வைத்து மற்றதை அடுக்குங்கள். ஆனால் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் பணம் திரும்பாது. கப்பல் தாமதமாகக் கட்டினாலும் அதே கதைதான். காலை முதல் நேரத்தை எடுக்காமல் 10 அல்லது 11 மணி நேரத்தை எடுங்கள்.

4. முந்தின இரவு செய்ய வேண்டியவை

முதலில் கடிகாரம். மால்டா மத்திய ஐரோப்பிய நேரத்தில் இருக்கிறது, கிரீஸ் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால். கிரீஸிலிருந்து வரும் கப்பல் கடிகாரத்தைப் பின்னுக்கு மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம். உங்கள் செல்பேசியோ கரையிலுள்ள கோபுரத்திலிருந்து தானாகவே உள்ளூர் நேரத்தை எடுத்துக்கொள்ளும். கடைசி ஏறும் நேரம் எப்போதும் கப்பல் நேரத்தில்தான் கணக்கு. அறைக்கு வரும் தினசரித் தாளில் கப்பல் நேரமும் உள்ளூர் நேரமும் ஒன்றா என்று பார்த்துவிட்டு, கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். ஊசிக் கடிகாரமாக இருந்தால் நல்லது, தானாக மாறாது.

அந்தத் தினசரித் தாளில் துறைமுக முகவரின் (கரையில் கப்பலின் பிரதிநிதி) தொலைபேசி எண் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். கப்பலைத் தவறவிட்டால் நீங்கள் முதலில் அழைக்க வேண்டியவர் அவர்தான்.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை: கப்பல் அட்டை, படத்துடன் கூடிய ஓர் அடையாள அட்டை, பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்துக்கும் விசா பக்கத்துக்கும் நகல். விசா தேவைப்படும் நாட்டவரின் பாஸ்போர்ட்டைப் பல கப்பல்கள் வாங்கி வைத்துக்கொள்ளும். அப்படி வாங்கவில்லை என்றால் அறைப் பெட்டகத்தில் வைப்பதா, கூட எடுத்துப் போவதா என்பதை வரவேற்பு மேசையில் கேட்டுச் செய்யுங்கள். துறைமுகத்துக்குத் துறைமுகம் விதி மாறும்.

செல்பேசியைக் கரையில் கால் வைக்கும் வரை விமான நிலையிலேயே (ஏரோப்ளேன் மோட்) வைத்திருங்கள். கப்பலுக்குள் தெரியும் கடல் வலையமைப்பு செயற்கைக்கோள் வழி வருவது. வழக்கமான ரோமிங் திட்டங்கள் பலவற்றில் அது அடங்காது. ஐந்து நிமிடம் வாட்ஸ்அப் தானாகப் படம் இறக்கியதற்கே பெரிய தொகை பில்லில் வந்தவர்கள் உண்டு. வல்லெட்டாவின் வரைபடத்தையும் முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் கரையிலும் இணையம் அதிகம் தேவைப்படாது.

பணம் யூரோ. பெரும்பாலான இடங்களில் அட்டை செல்லும். ஆனால் படகுக்காரர், சின்னப் பலகாரக் கடை, கழிவறை ஆகியவற்றுக்குச் சில்லறை வேண்டும். ஒருவருக்கு 20 யூரோ சிறு நோட்டும் காசுமாக இருந்தால் போதும். அட்டை எந்திரம் "ரூபாயா, யூரோவா" என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த எந்திரக்காரர் வைப்பார், அது உங்கள் வங்கியின் விகிதத்தைவிட மோசமாகவே இருக்கும்.

காலணி விஷயத்தில் சமரசம் வேண்டாம். ஊர் முழுக்கச் சுண்ணாம்புக் கல் தளம். நூற்றாண்டுகளாக நடந்து நடந்து வழவழப்பாகிவிட்டது. ஈரம் பட்டால் சோப்புப் போட்ட தரை மாதிரி வழுக்கும். ரப்பர் அடி உள்ள மூடிய காலணி போடுங்கள். மெல்லிய குதிகால் செருப்புக்குப் பேராலயத்திலேயே தடை இருக்கிறது. தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடையும் வேண்டும். புடவை, சுடிதார், வேட்டி எதற்கும் பிரச்சினை இல்லை. அரைக்கால் சட்டைதான் வாசலில் நிறுத்தப்படும்.

5. நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பலர் எட்டு மணியிலிருந்து முன்னோக்கிக் கணக்குப் போடுவார்கள். அப்படிப் போட்டால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்துப் பத்து நிமிடமாக வழிந்து, கடைசியில் ஓட்டமாக முடியும். 1.30 மணியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

1.00 மணிக்குக் கப்பல் படிக்கட்டில் இருக்க வேண்டும். அதற்கு 12.40க்கு லிஃப்டின் அடியில். லிஃப்டில் இறங்கக் காத்திருக்க 20 நிமிடம் ஒதுக்கினால், லிஃப்டின் உச்சியிலுள்ள மேல் பரக்கா தோட்டத்தை விட்டு 12.15க்கு நகர வேண்டும். அந்தத் தோட்டத்துக்குக் கீழே நண்பகலில் வெடிக்கும் பீரங்கியைப் பார்க்க 11.45க்கு அங்கே வந்துவிட வேண்டும். ஆக, ஊருக்குள் சுற்றும் நேரம் 9 மணியிலிருந்து 11.40 வரை மட்டுமே. இரண்டு மணி நாற்பது நிமிடம். இதில் பேராலயத்துக்கு 75 நிமிடம் போனால், மிச்சம் ஒரு மணி 25 நிமிடம். அதில் ஓர் அருங்காட்சியகமும் ஒரு காபியும் அடங்கும், அதற்கு மேல் அடங்காது.

இந்தக் கணக்கை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் போடுங்கள். குடும்பத்தோடு போனால் எல்லோரிடமும் ஒரு படம் இருக்கட்டும். யாராவது பிரிந்துபோனால் "12.15, தோட்டத்து லிஃப்ட் வாசல்" என்ற ஒரே வரி போதும்.

6. இறங்குவதற்கு முன் கப்பல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

கப்பல் பெரிய துறைமுகத்துக்குள் நுழையும்போது வல்லெட்டா உங்கள் வலக்கைப் பக்கம் வரும். மேல்தளத்தின் வலப்புறம் நில்லுங்கள். கோட்டைச் சுவரை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் உலோகக் கூண்டு போன்ற உயரமான அமைப்புதான் பரக்கா லிஃப்ட். அதை மேலிருந்தே பார்த்துவைத்தால் கரையில் வழி கேட்க வேண்டியிருக்காது. காலை உணவை இந்தக் காட்சிக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு போனால் உணவகத்திலும் வரிசை, இறங்கும் வாசலிலும் வரிசை.

பெரும்பாலான கப்பல்கள் ஃப்ளோரியானா பக்கத்திலுள்ள பின்டோ துறையில், வல்லெட்டா வாட்டர்ஃப்ரன்ட் என்ற பழைய கிடங்குக் கட்டிட வரிசைக்கு முன்னால் கட்டும். ஆனால் சில நாட்களில் எதிர்க்கரையில், செங்லெயா பக்கமுள்ள பாய்லர் துறையில் கட்டும் கப்பல்களும் உண்டு. அங்கே இறங்கினால் கீழே சொல்லும் நடைவழி பொருந்தாது. படகிலோ டாக்சியிலோ வல்லெட்டாவுக்கு வர வேண்டும். எந்தத் துறை என்பதை முந்தின நாளே வரவேற்பு மேசையில் கேளுங்கள்.

பழங்கள், சாண்ட்விச் போன்ற கப்பல் உணவைக் கரைக்கு எடுத்துப்போக வேண்டாம். பல துறைமுகங்களில் அதற்குத் தடை உண்டு, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மூடிய தண்ணீர் பாட்டில் பரவாயில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆளுக்கு ஒரு லிட்டராவது வேண்டும். வெயில் கல்லில் பட்டு முகத்தில் திரும்ப அடிக்கும்.

7. துறையிலிருந்து லிஃப்ட் வரை

சோதனை வாசலைத் தாண்டியதும் டாக்சிக்காரர்களும் குதிரை வண்டிக்காரர்களும் சூழ்ந்துகொள்வார்கள். "லிஃப்ட் வேலை செய்யவில்லை", "நடந்தால் ஒரு மணி நேரம்" என்ற பேச்சும் காதில் விழலாம். நின்று பதில் சொல்லாமல் நடந்துகொண்டே இருங்கள்.

கடல் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி, கிடங்கு வரிசையைக் கடந்து கரையோரச் சாலையில் நேரே போக வேண்டும். 10 முதல் 15 நிமிடத் தட்டை நடை. நடைபாதை சில இடங்களில் குறுகலானது. மால்டாவில் வண்டிகள் நம் ஊர் மாதிரி இடப்பக்கம் ஓடும் என்பதால் சாலை கடப்பதில் நமக்குக் குழப்பம் வராது. ஐரோப்பாவின் மற்ற துறைமுகங்களுக்குப் பழகி வந்தவர்கள்தான் தவறான பக்கம் பார்ப்பார்கள்.

லிஃப்ட் 58 மீட்டர் உயரம், 2012 முதல் இயங்குகிறது. இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் இருபது பேர் அளவுக்கு ஏறலாம். கட்டணம் சுமார் ஒரு யூரோ. காசைக் கையிலேயே வைத்திருங்கள். சீட்டு கொடுத்தால் தூக்கிப் போடாதீர்கள், இறங்கும்போது கேட்கலாம்.

உண்மையிலேயே லிஃப்ட் பழுது என்றால், அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் விக்டோரியா வாயில் வரும். அதன் வழியே ஏறினால் மெர்ச்சன்ட்ஸ் தெருப் பக்கம் சேரலாம். ஏற்றம் செங்குத்து, படிகளும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் அந்த நாளில் டாக்சி எடுப்பதே நல்லது. ஏறுமுன் தொகையைப் பேசி முடியுங்கள், அல்லது போல்ட், ஊபர் செயலியில் பதிவு செய்யுங்கள்.

8. தோட்டத்தில் இப்போது நிற்காதீர்கள்

லிஃப்ட் உங்களை மேல் பரக்கா தோட்டத்தில் கொண்டுவிடும். வளைவுகளுக்கு நடுவே துறைமுகம் முழுக்க விரிந்து கிடக்கும். எல்லோரும் இங்கே அரை மணி நேரம் படம் எடுப்பார்கள். அந்த அரை மணி நேரத்தில்தான் பேராலய வாசலில் வரிசை நீளும்.

படத்துக்கும் இது நல்ல நேரமில்லை. தோட்டம் தென்கிழக்கைப் பார்த்திருப்பதால் காலை வெயில் நேரே லென்ஸில் அடிக்கும். எதிரே இருக்கும் புனித ஏஞ்சலோ கோட்டை கறுப்பாகத்தான் விழும். நண்பகலுக்குத் திரும்ப வரப்போகிறீர்கள். அப்போது சூரியன் தலைக்கு மேல் ஏறியிருக்கும், கல்லின் தேன் நிறமும் சரியாக வரும்.

தோட்டத்தை விட்டு வெளியேறினால் காஸ்டில் சதுக்கம். பீரங்கிகள் வைத்த பெரிய முகப்புள்ள கட்டிடம் மால்டா பிரதமர் அலுவலகம். அதைக் கடந்து மெர்ச்சன்ட்ஸ் தெருவில் இறங்கி, புனித யோவான் தெருவில் இடப்பக்கம் திரும்பினால் பேராலயம். தோட்டத்திலிருந்து ஐந்தாறு நிமிடம்தான்.

9. பேராலயம்: திறக்கும் நேரத்தில் வாசலில்

9 மணிக்குத் திறப்பார்கள். கட்டணம் பெரியவர்களுக்குச் சுமார் 15 யூரோ, ஒலி வழிகாட்டி அதில் அடக்கம். நேரமும் கட்டணமும் மாறக்கூடும் என்பதால் பயணத்துக்கு ஒரு வாரம் முன் பேராலயத்தின் தளத்தில் பாருங்கள். டிக்கெட்டை அங்கேயே முன்பதிவு செய்தால் ஒரு வரிசை மிச்சம். பார்வையாளர்கள் எந்த வாசல் வழியே நுழைய வேண்டும் என்பதைப் பலகையில் பார்த்துவிட்டு நில்லுங்கள்.

உள்ளே போனதும் ஒலி வழிகாட்டி முதல் எண்ணிலிருந்து தொடங்கச் சொல்லும். எல்லோரும் அப்படியே தொடங்குவார்கள். நடுமண்டபம் நிரம்பி வழியும்போது, வலப்பக்கமுள்ள ஓரட்டரி என்ற ஜெபக்கூடம் காலியாக இருக்கும். முதலில் அங்கே போங்கள்.

அங்கேதான் கரவாஜியோ 1608ல் வரைந்த, திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படும் ஓவியம் இருக்கிறது. அகலம் ஐந்து மீட்டருக்கு மேல். அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் இதுதான். கையெழுத்தைத் தேடுகிறவர்கள் சட்டத்தின் மூலைகளைத் துழாவுவார்கள். அது யோவானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஓவியத்தின் வலப்பாதி ஏறக்குறைய வெறுமை, சிறைக் கம்பி வழியே இரண்டு கைதிகள் எட்டிப் பார்க்கிறார்கள். கிட்டப் போவதைவிடக் கூடத்தின் பின்பகுதியில் நின்று பார்த்தால்தான் அந்த வெறுமையின் அளவு தெரியும். அதே கூடத்தில் அவருடைய புனித ஜெரோம் ஓவியமும் இருக்கிறது. குழுக்கள் வருவதற்கு முன் இங்கே 15 நிமிடம் கிடைத்தாலே காலையில் அவசரமாக எழுந்ததற்குக் கூலி கிடைத்த மாதிரி.

பிறகு நடுமண்டபத்துக்குத் திரும்பி வாருங்கள். நீங்கள் மிதிப்பது கிட்டத்தட்ட 400 கல்லறைப் பலகைகள். வண்ணச் சலவைக்கல்லைத் துண்டு துண்டாக இழைத்துப் பதித்தவை. எலும்புக்கூடு, மணல் கடிகாரம், கேடயம் எனச் சாவின் சின்னங்கள் நிறைந்த தரை. மெல்லிய குதிகாலுக்குத் தடை ஏன் என்பது இப்போது புரியும். ஊசி முனை அளவு பரப்பில் உடல் எடை முழுவதும் இறங்கினால் இந்தப் பதிப்பு வேலை பெயர்ந்துவிடும்.

பக்கவாட்டு வழிபாட்டறைகள் ஒவ்வொன்றையும் ஒலி வழிகாட்டியோடு கேட்டால் இரண்டு மணி நேரம் போகும். மூன்றை மட்டும் கேளுங்கள், மற்றதைக் கண்ணால் பாருங்கள். 10.20க்கு வெளியே வந்துவிட வேண்டும். ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள்.

10. அடுத்த ஒரு மணி நேரம்: ஒன்றை மட்டும்

தொல்லியல் அருங்காட்சியகம் ரிபப்ளிக் தெருவில், நகர வாயில் பக்கமாகத் திரும்பி நடந்தால் ஓரிரண்டு நிமிடத்தில் வரும். சின்னது, 45 நிமிடத்தில் முடியும். நிலத்தடிக் கல்லறையில் கிடைத்த "உறங்கும் பெண்" சுடுமண் உருவம் இங்கேதான் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவுதான், தனி இருட்டறையில் வைத்திருப்பதால் பலர் பார்க்காமல் கடந்துவிடுகிறார்கள். அரை நாள் பயணிகளுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுவே. நேரம் நழுவினாலும் எந்த இடத்திலும் வெளியேறிவிடலாம், தோட்டமும் பக்கத்தில்.

பெருந்தலைவர் அரண்மனை பேராலயத்திலிருந்து எதிர்த்திசையில் மூன்று நிமிடம். கவச உடைகளும் ஆயுதங்களும் பிடிக்கும் என்றால் இது. ஆனால் ஒரு மணி நேரம் முழுசாக வேண்டும்.

புனித எல்மோ கோட்டை ரிபப்ளிக் தெருவின் கடைசியில், கடல் முனையில். போவது முழுக்க இறக்கம், அதனால் பத்து நிமிடத்தில் போய்விடலாம். திரும்புவது முழுக்க ஏற்றம், அதுவும் 11 மணி வெயிலில். இதில்தான் வயதானவர்கள் திணறிப்போகிறார்கள். பேராலயம் மூடியிருக்கும் நாளில் மட்டும் இதைத் திட்டத்தில் சேருங்கள்.

எது போனாலும் ரிபப்ளிக் தெரு, மெர்ச்சன்ட்ஸ் தெரு ஆகிய இரண்டையும் ஒட்டியே நடங்கள். குறுக்குத் தெருக்கள் பலவும் படிக்கட்டாகக் கடலை நோக்கிச் சரியும். மர பால்கனிகளைப் படம் எடுக்கக் குறுக்குத் தெருவுக்குள் போகலாம், இறங்கிப் போக வேண்டாம். சக்கர நாற்காலி, குழந்தை வண்டி உள்ளவர்களுக்கும் இந்த இரண்டு தெருக்கள்தான் ஏற்றவை.

அருங்காட்சியகம் வேண்டாம், கடல் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு மாற்று. பேராலயம் முடிந்ததும் லிஃப்டில் இறங்கி, அருகிலேயே இருக்கும் படகுத்துறையில் எதிர்க்கரையிலுள்ள பிர்கு, செங்லெயா, பொர்ம்லா என்ற மூன்று நகரங்கள் பக்கம் போகும் படகைப் பிடியுங்கள். பொர்ம்லாவுக்குப் பத்து நிமிடம் போல ஆகும். அங்கிருந்து பிர்கு நடை தூரம். டைசா என்ற பாரம்பரியச் சிறு படகும் கிடைக்கும், விலையை ஏறுமுன் பேசுங்கள். இந்த வழியில் பீரங்கியைத் தோட்டத்திலிருந்து பார்க்க முடியாது, அதன் சத்தம் துறைமுகத்துக்கு இந்தப் பக்கமும் கேட்கும். திரும்பும் படகின் நேரத்தைப் போய் இறங்கியவுடனே பார்த்துவிடுங்கள். 12.30க்குள் வல்லெட்டா கரையில் இருக்க வேண்டும்.

11. சாப்பாடு

உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் ஒரு மணி நேரம் போய்விடும். மதிய உணவு கப்பலில் இருக்கிறது. இங்கே பஸ்திட்ஸி போதும். மெல்லிய மாவடுக்குகள் நொறுங்கும் பலகாரம், உள்ளே ரிக்கோட்டா பாலாடைக்கட்டியோ மசித்த பட்டாணியோ இருக்கும். பட்டாணி உள்ளது நம் ஊர் பஃப்ஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சைவம் கடைப்பிடிப்பவர்கள் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், மரபான செய்முறையில் அது உண்டு. சூடாக இருக்கும் தட்டிலிருந்து கேளுங்கள். ஆறிப்போனால் எண்ணெய்தான் நாக்கில் நிற்கும்.

குடிக்க கின்னி என்ற உள்ளூர் பானம் கிடைக்கும். கசப்பு ஆரஞ்சும் மூலிகையும் கலந்தது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பிடிக்காது, ஒரு பாட்டிலை முதலில் பங்கிட்டுப் பாருங்கள்.

12. பீரங்கியும் இறக்கமும்

11.45க்குத் தோட்டத்துக்கு வந்து, வளைவுகளுக்குக் கீழே கைப்பிடிச் சுவரில் இடம் பிடியுங்கள். கீழ்த்தட்டில் இருக்கும் பீரங்கி வரிசையில் சீருடை அணிந்தவர்கள் நண்பகல் 12 மணிக்கு ஒரு குண்டில்லா வெடி வெடிப்பார்கள். மேலிருந்து பார்க்கக் கட்டணம் இல்லை. கீழ்த்தட்டுக்குப் போகத் தனிக் கட்டணம், அரை நாளில் அது தேவையில்லை. சத்தம் நெஞ்சில் அறையும். கைக்குழந்தை இருந்தால் தோட்டத்தின் பின்பகுதியில் நில்லுங்கள்.

வெடித்த மறு நொடி கூட்டம் முழுவதும் லிஃப்டை நோக்கித் திரும்பும். இரண்டு வழிகள்: வெடிக்கு முன்பே லிஃப்ட் வாசலுக்கு அருகில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு உடனே இறங்குவது, அல்லது பத்துப் பன்னிரண்டு நிமிடம் தோட்டத்தில் படம் எடுத்துவிட்டு முதல் அலை வடிந்த பின் இறங்குவது. இரண்டாவதுதான் எங்கள் திட்டத்தில் உள்ள 12.15. ஊரில் இரண்டு பெரிய கப்பல்கள் நின்றால் முதல் வழியை எடுங்கள், அன்று அலை வடியாது.

13. துறையில் கடைசி இருபது நிமிடம்

கீழே வந்ததும் வந்த வழியே, இப்போது கடல் இடக்கைப் பக்கம். வாட்டர்ஃப்ரன்ட் கடைகளைப் பார்த்ததும் "வந்துவிட்டோம்" என்று உட்காருகிறவர்கள் உண்டு. இங்கிருந்து கப்பல் படிக்கட்டு இன்னும் தள்ளி இருக்கலாம், இடையில் அட்டைச் சோதனையும் பை ஊடுகதிர்ச் சோதனையும் இருக்கின்றன. கத்தி, கூர்மையான நினைவுப் பொருள் வாங்கியிருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு பயண முடிவில்தான் தருவார்கள். மது பாட்டிலுக்கும் பல கப்பல்களில் அதே விதி.

தாமதம் ஆகிறது என்று தெரிந்தால் ஓடுவதற்கு முன் துறைமுக முகவரை அழையுங்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாக் குழு தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. தவறவிட்டால், மால்டா தீவு என்பதால் ரயிலோ சாலையோ கிடையாது. அடுத்த துறைமுகத்துக்கு விமானம், அல்லது சிசிலியின் பொட்சல்லோவுக்குப் போகும் விரைவுப் படகு. செலவு உங்களுடையது. கிளம்பும் நேரத்தில் யாராவது வரவில்லை என்று தெரிந்தால் அவர்களுடைய பாஸ்போர்ட்டை முகவரிடம் விட்டுச் செல்வது கப்பல்களின் வழக்கம். எனவே துறையை விட்டு நகராமல் முதலில் அதை வாங்குங்கள், பிறகு டிக்கெட் தேடலாம். அடுத்த துறைமுகம் ஷெங்கனுக்கு வெளியே இருந்தால் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அங்கே நுழைவு அனுமதி உண்டா என்பதையும் அப்போதே முகவரிடம் கேளுங்கள். இல்லை என்றால் அதற்கு அடுத்த துறைமுகத்தில்தான் கப்பலைப் பிடிக்க முடியும்.